பெயர்ப்பட்டை போன பெட்டி எதை அளந்தது? பழைய மின்னணு சோதனைக் கருவிகளை அடையாளம் காணும் வழி

கோயம்புத்தூர் உக்கடத்தில் நான் வழக்கமாகப் போகும் காயலான் கடையில் போன ஆவணியில் ஒரு பெட்டி கிடந்தது. சாம்பல் நிற இரும்பு உடம்பு. முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முள் மீட்டர், மூன்று நாப், ஒரே ஒரு சாக்கெட். கம்பெனிப் பட்டை இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டைகள்தான் மிச்சம்.

"இது என்னங்க பாய்?"

"ஹாம் ரேடியோ மீட்டருங்கண்ணா. எஸ்டபிள்யூஆர்னு போட்டிருக்கு பாருங்க. ரேடியோ தம்பிக ரெண்டு பேரு வந்து பார்த்துட்டு அப்படித்தான் சொன்னாங்க."

ஹாம் என்பவர்கள் பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் வைத்திருப்பவர்கள். எஸ்டபிள்யூஆர் என்பது, அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் ஒரு விகிதம்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. தம்பிகள் சொன்னார்கள், ஆனால் வாங்கவில்லை. கையில் எடுத்து மீட்டரின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அது ஹாம் ரேடியோ மீட்டர் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. என்னவென்று முழுதாகத் தெரிய வீட்டில் இரண்டு நாள் ஆனது. 600 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பெட்டிகளோடுதான் என் காலை நேரம் போகிறது. வாங்கியவர்களும், தாத்தாவின் அறையைக் காலி செய்யும்போது கண்டெடுத்தவர்களும், படம் எடுத்து அனுப்பி "இது எதுக்கு?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, நான் எப்படித் தேடுகிறேன் என்பதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. அந்தச் சாம்பல் பெட்டியையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

பிளக்கைத் தொடாதீர்கள்

முதல் ஆர்வம் எல்லாருக்கும் ஒன்றுதான்: செருகிப் பார்ப்போமே! வேண்டாம். 1990களில் எனக்கு ஒரு சிக்னல் ஜெனரேட்டர் கிடைத்தது. வயரில் நம் ஊர் மூன்று முள் பிளக் மாட்டியிருந்தது. அதை நம்பிச் செருகினேன். பின்பக்கத்தில் 115 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருந்ததை டிரான்ஸ்ஃபார்மர் புகைந்த பிறகுதான் படித்தேன். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. நல்ல கருவி ஒன்று என் கையால் போனது. இன்றும் அந்த வாடை நினைவில் இருக்கிறது. பிளக்கை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். அதை வைத்து உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு எத்தனை வோல்ட் என்று முடிவு செய்யக் கூடாது.

ஒரு கருவி எதற்கு என்று தெரிந்துகொள்ள மின்சாரம் அநேகமாகத் தேவையே இல்லை. நான் தேடும் விடைகளில் பத்துக்கு எட்டு, முகப்பைப் படித்தே வந்துவிடும்.

மூன்று கேள்விகள்

உள்ளே என்ன போகிறது? வெளியே என்ன வருகிறது? முள் எந்த அலகில் பேசுகிறது? எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் இந்த மூன்றைத்தான் முதலில் கேட்பேன்.

உள்ளே மட்டும் போகிறது, வெளியே எதுவும் வரவில்லை என்றால் அது அளக்கும் கருவி. வெளியே மட்டும் வருகிறது என்றால் ஜெனரேட்டர் அல்லது பவர் சப்ளை. இரண்டும் இருந்து நடுவே படிப்படியான ரேஞ்ச் சுவிட்ச் மட்டும் இருந்தால் சிக்னலைக் குறைக்கும் அட்டனுவேட்டர், ஃபில்டர், ஆம்ப்ளிஃபயர் இந்த மூன்றில் ஒன்று. இன்புட் என்றோ அவுட்புட் என்றோ எழுதாமல் "அன்னோன்", அதாவது தெரியாதது என்று இரண்டு திருகு முனைகள் இருந்தால் பெரும்பாலும் பிரிட்ஜ். அந்த முனைகளுக்கு நடுவே ரெசிஸ்டரையோ கண்டென்சரையோ காயிலையோ மாட்டி, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, டயலில் மதிப்பைப் படிப்பார்கள். பிரிட்ஜ் டயல்களில் டி, கியூ என்ற எழுத்துகளும் இருக்கும். ஒன்று கண்டென்சரின் இழப்பு, மற்றது காயிலின் தரம்.

சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஓம் எண் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஒரு கருவி எந்த உலகத்தைச் சேர்ந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி குறைவு. 50 ஓம் என்றால் ரேடியோ அலைவரிசை வேலை. 75 ஓம் என்றால் டிவி, அல்லது கோ-ஆக்ஸ் கேபிளில் ஓடிய டெலிபோன் கேரியர். 600 ஓம் என்றால் ஆடியோ அல்லது டெலிபோன் லைன். 1 மெகா ஓம், பக்கத்தில் 20, 30 பிகோ ஃபாரட் என்றும் இருந்தால் ஆசிலோஸ்கோப் வகை இன்புட்.

சாக்கெட்டின் உருவமும் பேசும். சாதாரண பிஎன்சி எல்லா இடத்திலும் இருக்கிறது, அதனால் அதிகம் சொல்லாது. தடித்த, 'N' என்ற ஆங்கில எழுத்தால் அழைக்கப்படும் வகை சாக்கெட் இருந்தால் உயர் அலைவரிசை. ஆண், பெண் என்ற பேதமே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் சாக்கெட் அமெரிக்காவின் ஜெனரல் ரேடியோ கம்பெனியின் 874 வகை. பழைய ஆய்வுக்கூடக் கருவிகளின் கையெழுத்து அது. சாக்கெட்டுக்குப் பதிலாகச் செவ்வகத் துளையுள்ள பித்தளைக் குழாய் இருந்தால் அது வேவ்கைடு, மைக்ரோவேவ் அலை ஓடும் குழாய். துளையின் உள் அளவை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 22.86க்கு 10.16 மில்லிமீட்டர், அதாவது 0.9க்கு 0.4 அங்குலம் இருந்தால் எக்ஸ் பேண்ட்; 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரை. ஒரு ஸ்கேல் போதும், அலைவரிசையே தெரிந்துவிடுகிறது.

மீட்டர் முகத்தைப் படிப்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். முகப்பில் நாபை மாற்றியிருப்பார்கள், ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், பெயிண்ட்கூட அடித்திருப்பார்கள். மீட்டர் கண்ணாடிக்குள் இருக்கும் அளவுக்கோடுகளை மட்டும் பெரும்பாலும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஒரே மீட்டரில் வோல்ட் அளவும் டிபிஎம் அளவும் இருந்தால், 0 டிபிஎம்முக்கு நேரே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட். அது 600 ஓமில் 0.775 வோல்ட், 75 ஓமில் 0.274 வோல்ட், 50 ஓமில் 0.224 வோல்ட். முகப்பில் ஓம் எழுத்து அழிந்திருந்தாலும் அந்த ஒரு ஜோடி எண்ணே எந்த வேலைக்குப் பிறந்த கருவி என்று காட்டிக்கொடுத்துவிடும்.

டெசிபெல்லுக்குப் பதில் நேப்பர் என்று இருந்தால் பெரும்பாலும் ஐரோப்பிய டெலிபோன் கருவி. 1 நேப்பர் 8.686 டெசிபெல். டயலில் 60 முதல் 108 கிலோஹெர்ட்ஸ் வரை தனியாக வண்ணம் தீட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். 12 டெலிபோன் பேச்சுகளை ஒரே கம்பியில் அடுக்கி அனுப்பிய கேரியர் முறையில் முதல் குழுவின் இடம் அது. அடுத்த அடுக்கு 312 முதல் 552 கிலோஹெர்ட்ஸ். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கழித்துப் போட்ட சரக்கில் இவை நிறைய வரும். வாங்கியவர்கள் ரேடியோ ரிசீவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அலைவரிசையைத் தேர்ந்தெடுத்து அளக்கும் லெவல் மீட்டர் அது.

சதவீத அளவு இருந்து, 3 கிலோஹெர்ட்ஸ் அல்லது 3.15 கிலோஹெர்ட்ஸ் என்று எங்காவது எழுதியிருந்தால் டேப் ரெக்கார்டர், ரெக்கார்ட் பிளேயர் ஆகியவற்றின் வேகம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்கும் வவ் அண்ட் ஃப்ளட்டர் மீட்டர். சதவீதத்தோடு 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே போகும் டியூனிங் டயலும், "பேலன்ஸ்" என்று ஒன்றிரண்டு நாப்களும் இருந்தால் டிஸ்டார்ஷன் மீட்டர்.

டிவி ரிப்பேர்க் கடையிலிருந்து வந்த பெட்டியில் 33.4, 38.9 என்ற எண்கள் இருக்கும். நம் நாட்டு டிவி செட்டுகளின் ஒலிக்கும் படத்துக்குமான இடைநிலை அலைவரிசைகள் அவை, மெகாஹெர்ட்ஸில். அந்தக் குறிகளோடு திரையும் சேர்ந்திருந்தால் வாபுலாஸ்கோப். டியூனர், ஐஎஃப் பகுதிகளைச் சரிசெய்ய அதைத்தான் வைத்திருந்தார்கள். ரேடியோ மெக்கானிக்கின் ஜெனரேட்டராக இருந்தால் 455 கிலோஹெர்ட்ஸிலும் 10.7 மெகாஹெர்ட்ஸிலும் தனிக்கோடு போட்டிருப்பார்கள்.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். மீட்டரில் யு% என்று இருக்கும், பக்கத்தில் தட்டுகளுக்கு நடுவே வெவ்வேறு அகலத்தில் சந்துகள் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் இதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கோயம்புத்தூர் மில்லில் கால் வைத்த யாருக்கும் உடனே தெரியும்: நூல் சீர்மை அளக்கும் ஈவன்னஸ் டெஸ்டர். இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே நூல் ஓடும். நூல் தடித்தால் கெப்பாசிட்டன்ஸ் கூடும், மெலிந்தால் குறையும். அந்த ஏற்ற இறக்கம்தான் யு%. நூலுக்கு ஒரு சந்து, நூலாவதற்கு முந்தைய நிலைகளான ரோவிங்குக்கு ஒன்று, ஸ்லைவருக்கு ஒன்று. சுவிட்சர்லாந்தின் உஸ்டர் கருவியைத்தான் நாங்கள் கையாண்டோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெட்டி எந்த இடத்திலிருந்து காயலான் கடைக்கு வந்தது என்று கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். மில், ஆஸ்பத்திரி, டெலிபோன் ஆபீஸ், காலேஜ் லேப் என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை பாதித் தேடலை முடித்துவிடும்.

நான் கேட்டேன். "ஏதோ காலேஜ் லேப்பு சரக்குங்கண்ணா, லாட்டா வந்துச்சு" என்றார் பாய்.

சாம்பல் பெட்டியின் மீட்டர் சொன்னது

ஹாம் நண்பர்கள் வைத்திருக்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்மிட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே அது உட்காரும். ஆகவே இரண்டு சாக்கெட் வேண்டும்: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. இந்தப் பெட்டிக்கு ஒன்றுதான். பவர் அதன் வழியாகப் போகவே முடியாது. கடையிலேயே எனக்குச் சந்தேகம் தட்டிய இடம் இது.

அடுத்து மீட்டர் அளவு. ஹாம் மீட்டரில் 1 என்பது இடது கோடியில் இருக்கும். முள் வலது பக்கம் ஏற ஏற நிலைமை மோசம் என்று அர்த்தம். இங்கே 1 வலது கோடியில் இருந்தது. முள் முழுதாக ஏறினால்தான் 1. இடது பக்கம் போகப் போக 2, 3, 4 என்று நெருங்கி நின்றது. அதற்குக் கீழே இன்னொரு எஸ்டபிள்யூஆர் அளவு, அது 3.2ல் தொடங்கி 10 வரை போனது. அதற்கும் கீழே டிபி, அதாவது டெசிபெல் அளவு, பூஜ்யம் வலது கோடியில்.

அந்த 3.2 என்னை நிறுத்தியது. முதல் அளவு 4ல் முடிகிறதென்றால் அடுத்தது 4ல் தொடங்கலாம், 3ல் தொடங்கலாம். 3.2 எதற்கு? 10இன் வர்க்கமூலம் 3.16. ரேஞ்ச் சுவிட்சைப் பார்த்தேன்: 0, 10, 20 என்று 60 டிபி வரை. ஒரு படி நகர்த்தினால் உணர்திறன் பத்து மடங்கு கூடுகிறது, எஸ்டபிள்யூஆர் அதன் வர்க்கமூலமாக வருகிறது என்றால் கணக்கு சரியாக உட்காருகிறது. அதாவது, இந்த மீட்டருக்குள் வரும் வோல்டேஜ் அசல் சிக்னலின் வோல்டேஜ் இல்லை; அதன் வர்க்கம். சிறிய சிக்னலில் கிரிஸ்டல் டிடெக்டர் அப்படித்தான் நடந்துகொள்ளும்: உள்ளே வரும் பவர் எவ்வளவோ அவ்வளவு வோல்டேஜை வெளியே தரும். இன்புட் தேர்வு சுவிட்சில் "கிரிஸ்டல்", "போலோமீட்டர்" (பவரைச் சூடாக உணரும் டிடெக்டர்) என்று இரண்டு பெயர்கள் இருந்ததும் அதோடு பொருந்திவிட்டது.

ஒரு எண் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்பதைவிட நல்ல பழக்கம் இந்த வேலையில் எனக்குத் தெரியாது. டயல் எழுதியவர் எந்த எண்ணையும் சும்மா போட்டிருக்க மாட்டார்.

வயது, ஊர், வம்சம்

கம்பெனிப் பட்டை இருந்தால் வேலை சுலபம். ஹெவ்லெட் பேக்கார்ட் கருவிகளில் பழைய சீரியல் எண் 1640ஏ என்பது போலத் தொடங்கும். முதல் இரண்டு இலக்கத்தோடு 60ஐக் கூட்டினால் ஆண்டு, அடுத்த இரண்டு வாரம், எழுத்து நாடு. இந்த எண் 1976ஆம் ஆண்டின் 40ஆவது வாரத்தைக் குறிக்கிறது. ஏ என்றால் அமெரிக்கா, ஜே ஜப்பான், ஜி ஜெர்மனி, யு பிரிட்டன். ஒரு எச்சரிக்கை: அது அந்தப் பெட்டி செய்த தேதி இல்லை, அந்த வடிவமைப்பில் கடைசியாக மாற்றம் செய்த தேதி. அந்தக் கம்பெனியின் அளவைப் பிரிவு 1999ல் அஜிலன்ட் ஆனது, 2014ல் கீசைட் ஆனது. பெயர் எதுவானாலும் மாடல் எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும்.

ராணுவச் சரக்கு என்றால் 13 இலக்கத்தில் ஒரு ஸ்டாக் எண் இருக்கும். 6625 என்று தொடங்கினால் மின்சார, மின்னணு அளவைக் கருவி. அடுத்த இரண்டு இலக்கம் நாடு: 00, 01 அமெரிக்கா, 99 பிரிட்டன். இரண்டாம் உலகப்போர்க் காலத்து டயல்களில் இருட்டில் ஒளிரப் பூசிய மஞ்சள் பெயிண்ட் ரேடியமாக இருக்கலாம். கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள்.

நம் நாட்டுப் பெயர்களும் துப்புதான். தாணேயின் அப்லாப், அகமதாபாத்தின் சிஸ்ட்ரானிக்ஸ் என்றால் காலேஜ், தொழிற்சாலை ஆய்வுக்கூடச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். 1948ல் தொடங்கிய பெங்களூர் ஐடிஐ, அதாவது இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் என்றால் டெலிபோன். சென்னை கிண்டியில் 1960ல் தொடங்கிய இந்துஸ்தான் டெலிபிரின்டர்ஸ் என்றால் தந்தி, டெலிபிரின்டர். 1967ல் அணுசக்தித் துறையின் கீழ் தொடங்கிய ஹைதராபாத் ஈசிஐஎல் என்றால் கதிர்வீச்சு எண்ணும் கருவியா என்று பாருங்கள். 1500, 2000 வோல்ட் வரை போகும் ஹெச்வி நாப், டிஸ்கிரிமினேட்டர், எண்ணிக்கை காட்டும் விளக்குகள் மூன்றும் ஒன்றாக இருந்தால் அது கெய்கர் குழாயின் துடிப்புகளை எண்ணும் ஸ்கேலர்.

பட்டையே இல்லாதபோது மூடியைக் கழற்ற வேண்டும். எலக்ட்ரோலிடிக் கண்டென்சர் மேல் தேதி அச்சடித்திருக்கும். ஐசியின் முதுகில் 7834 என்று இருந்தால் 1978இன் 34ஆவது வாரம். ஆனால் 7400 வரிசை ஐசிகளின் பெயரும் 74 என்றே தொடங்குகிறது. பெயரைத் தேதியாகப் படித்து ஏமாறுவது சகஜம். பெட்டிக்குள் தெரியும் தேதிகளில் எது கடைசியோ அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டி பிறந்திருக்க வேண்டும், நடுவில் யாரும் பாகம் மாற்றவில்லை என்றால். முகப்பில் மெகாஹெர்ட்ஸ் என்று இல்லாமல் மெகாசைக்கிள் என்பதன் சுருக்கம் இருந்தால் 1960களிலோ அதற்கு முன்போ வரைந்த வடிவம். பிகோ ஃபாரட் என்று இல்லாமல் மைக்ரோ மைக்ரோ ஃபாரட் என்று இருந்தாலும் பழையதுதான்.

உள்ளே ஒரு கிரிஸ்டல் இருந்தால் அதன் மேல் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 4.43361875 மெகாஹெர்ட்ஸ் என்றால் PAL என்ற முறையின் கலர் டிவி. 3.579545 என்றால் அமெரிக்க, ஜப்பானிய கலர் டிவி. 2.048 என்றால் பெரும்பாலும் டிஜிட்டல் டெலிபோன். 1, 5, 10 மெகாஹெர்ட்ஸ் என்று முழு எண்ணாக இருந்து, சூடாக வைத்திருக்கும் சிறு உறைக்குள் இருந்தால் அலைவரிசை கவுண்டர் அல்லது ஜெனரேட்டரின் மூலக்கடிகாரம்.

என் பெட்டியில் கிரிஸ்டல் இல்லை. பச்சை போர்டில் ஓரமாக ஒரு கொத்து: 15.8 கிலோ ஓம், 1% ரெசிஸ்டர் இரண்டு, 0.01 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் இரண்டு, நடுவில் அதன் இரட்டிப்புக் கண்டென்சர் ஒன்று, பாதி ரெசிஸ்டர் ஒன்று. ட்வின்-டி என்ற பழைய சுற்று இது. குறிப்பிட்ட ஒரே அலைவரிசையை மட்டும் தடுக்கும். ஆம்ப்ளிஃபயரின் ஃபீட்பேக்கில் போட்டால் அந்த ஒரே அலைவரிசையை மட்டும் பெருக்கவைக்கும். காகிதத்தில் கணக்குப் போட்டேன். 1007 ஹெர்ட்ஸ். முகப்பில் "ஃப்ரீக்வென்சி" என்று எழுதி, ஸ்க்ரூடிரைவர் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதைத் திருப்பி 1000க்குக் கொண்டுவந்துவிடலாம்.

இப்போது மின்சாரம்

பெட்டி எதற்கு என்று ஓரளவு ஊகித்த பிறகுதான் கரண்ட் கொடுப்பேன். வோல்டேஜ் செலக்டரைப் பார்த்து, ஃபியூஸைக் கழற்றி அதன் மதிப்பு சரியா என்று பார்த்து, டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் ஓம் வருகிறதா என்று மல்டிமீட்டரில் சோதிப்பேன். எர்த் முள்ளுக்கும் சேஸிஸுக்கும், அதாவது உலோக உடம்புக்கும் தொடர்பு இருக்க வேண்டும். லைன், நியூட்ரல் இரண்டுக்கும் சேஸிஸோடு தொடர்பு இருக்கவே கூடாது. மெயின்ஸ் நுழையும் இடத்தில் வெடிப்பு விட்ட, கண்ணாடி போன்ற மஞ்சள் உறைக் கண்டென்சர் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது புகையைக் கக்கிக்கொண்டுதான் போகும்.

பிறகு சீரீஸ் பல்பு. 60 வாட் இழை பல்பு ஒன்றை லைனில் தொடராகக் கோத்து, அதன் வழியாகப் பெட்டிக்குக் கரண்ட் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழைதான் வேண்டும். ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். பல்பு பெட்டியைத்தான் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. ஷாக் அடிப்பதை அது தடுக்காது. வால்வு செட்டிலும் திரையுள்ள கருவியிலும் அணைத்த பிறகும் கண்டென்சரில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை நீளப் பிடியில் கட்டி அந்தக் கரண்டை வடியவிட்டு, மீட்டரால் உறுதி செய்தபின் கையை உள்ளே விடுங்கள். கிளிஸ்ட்ரான் (மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் குழாய்) பவர் சப்ளை போன்ற பெட்டி கிடைத்தால் பழக்கம் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் திறக்கவே வேண்டாம்.

சாம்பல் பெட்டி நல்லபடியாக எழுந்தது. இன்புட்டில் விரலை வைத்தேன். சாதாரண ஏசி மில்லிவோல்ட் மீட்டராக இருந்தால் நம் உடம்பு வாங்கும் 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்கே முள் எகிறும். இது அசையவில்லை. செல்போனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பைத் திறந்து, ஹெட்ஃபோன் வயரை இன்புட்டில் கொடுத்தேன். 500 ஹெர்ட்ஸ், ஒன்றும் இல்லை. 900ல் கொஞ்சம் அசைந்தது. 1000ஐ நெருங்க நெருங்க முள் எழுந்து வலது கோடிக்கே போனது. 1100ல் மறுபடி இறங்கிவிட்டது.

கடைசிச் சோதனை அந்த 3.2க்காக. பத்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வரிசையாகக் கோத்து, கடைசி ஒன்றின் இரு முனையிலிருந்து எடுத்தால் வோல்டேஜ் பத்தில் ஒன்று. போன் சிக்னலை நேராகக் கொடுத்து, 0 ரேஞ்சில் முள்ளை வலது கோடிக்கு வைத்தேன். பிறகு பத்தில் ஒன்றைக் கொடுத்தேன். சாதாரண ஏசி வோல்ட் மீட்டருக்கு இது 20 டிபி. பழைய இடத்துக்கு முள் வர இரண்டு படி திருப்ப வேண்டும். இங்கே ஒரே படி, 10 டிபி. முள் அதே கோட்டுக்கு வந்து நின்றது. ராத்திரி பதினோரு மணி. வீட்டில் எழுப்பிச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

ஆக இது காலேஜ் மைக்ரோவேவ் லேப்பின் விஎஸ்டபிள்யூஆர் மீட்டர்; அதே எஸ்டபிள்யூஆர்தான், முன்னால் வோல்டேஜுக்கான வி. ஹெவ்லெட் பேக்கார்டின் 415 வரிசை இந்த வேலைக்குப் பெயர்போனது; நம் நாட்டு லேப்களுக்கும் அதே தத்துவத்தில் பல கம்பெனிகள் செய்து கொடுத்தன. கிளிஸ்ட்ரானை 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையால் விட்டு விட்டு இயக்குவார்கள். ஏன் சதுர அலை என்றால், கிளிஸ்ட்ரானின் ரிப்பெல்லர் என்ற முனையின் வோல்டேஜ் மெல்ல மாறினால் அதன் அலைவரிசையும் நழுவும். முழுதாக எரி அல்லது முழுதாக அணை என்றால் நழுவாது. வேவ்கைடின் மேல் நீளச் சந்து வெட்டியிருக்கும், அதில் ஒரு சிறு ஊசி டிடெக்டர் நகரும். டிடெக்டர் தரும் 1 கிலோஹெர்ட்ஸ் சத்தத்தை இந்தப் பெட்டி மட்டும் கேட்கும், மற்ற இரைச்சலை விட்டுவிடும். மாணவர் ஊசியை நகர்த்தி, அதிகபட்ச இடத்தில் முள்ளை 1க்கு வைத்துவிட்டு, குறைந்தபட்ச இடத்துக்கு நகர்த்தினால் முள் நிற்கும் எண்தான் எஸ்டபிள்யூஆர். அதனால்தான் 1 வலது கோடியில்.

மைக்ரோவேவ் பெஞ்ச் என்னிடம் இல்லை. ஆனால் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மட்டும் காது கொடுக்கும், மிக நுண்ணிய உணர்திறன் உள்ள மீட்டர் ஒன்று பிரிட்ஜுக்கு, பூஜ்யம் வந்துவிட்டதா என்று காட்டும் "நல்" (null) டிடெக்டராக அருமையாக உதவும்; இப்போது என் மேசையில் அந்த வேலையைத்தான் பார்க்கிறது.

மாடல் எண் தெரிந்த கருவியாக இருந்தால் அடுத்து மேனுவலைத் தேடுங்கள். மாடல் தெரியாவிட்டால் பழைய கம்பெனி கேட்டலாக்குகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் படங்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். நாப்கள் அமைந்த விதத்தை வைத்து நான் அடையாளம் கண்ட கருவிகள் பல.

கண்டுபிடித்ததை எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அது மறுபடி காயலான் கடைக்குப் போகலாம். வாங்குகிறவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாமே. உறுதியானது எது, ஊகம் எது என்று பிரித்து எழுத வேண்டும். என் பெட்டிக்குள் ஒட்டியிருப்பது இது:

"விஎஸ்டபிள்யூஆர் மீட்டர். கம்பெனி தெரியவில்லை. காலேஜ் லேப் சரக்கு என்று கடைக்காரர் சொன்னது. 230 வோல்ட், 250 மில்லி ஆம்ப் ஃபியூஸ். 1 கிலோஹெர்ட்ஸுக்கு டியூன் செய்தது: சோதித்தேன். ஒரு படி 10 டிபி, வோல்டேஜில் பத்து மடங்கு: 0லிருந்து 10க்கு மட்டும் சோதித்தேன், மற்ற படிகள் பார்க்கவில்லை. போலோமீட்டர் இன்புட்: சோதிக்கவில்லை, அதில் டிசி கரண்ட் வரும், சாதாரண சிக்னலை அங்கே கொடுக்காதீர்கள். பவர் சப்ளை கண்டென்சர் இரண்டு மாற்றியது, புரட்டாசி."